ஐந்தாம் மாடியின் கீழுதடு

ஆகாயம் என்று அவருக்குப் பெயர் வைத்தது அவருடைய சகலை. வைத்ததில் பாசம் துளிகூடக் கிடையாது. ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சந்தலையில் கிடக்கும் தலைமுடி அகல விரிசலைக்கூட ட்ரோனை அனுப்பிப் படம் பிடித்துவிடுகிற மனிதர், சொந்த வீட்டில் ட்யூப்லைட் மாற்ற ஸ்டூலில் ஏறினால் அரை நிமிஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு சுவரைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். அதனால் அந்த வீட்டில் ட்யூப்லைட் மாற்றுவது, பரணில் பெட்டி ஏற்றுவது, ஒட்டடை அடிப்பது எல்லாம் அவர் மனைவியின் இலாகா. அவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். அதையும் கண்ணை மூடிக்கொண்டுதான் பிடிப்பார் என்று அந்த அம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார்.

ஆகாயத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் கட்டட வரைபடம் வரைந்து கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோனவர். ஐம்பத்து மூன்றாவது வயதில் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய கட்டடங்களின் வெளிச்சுவரைப் பரிசோதித்து எழுதித் தரும் சின்ன நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். நாற்பது வயதைத் தாண்டிய கட்டடம் எதுவானாலும் அப்படி ஒரு பரிசோதனை ரிப்போர்ட்டை நகராட்சியில் கொடுத்தாக வேண்டும். மனிதர்களுக்கு நாற்பதில் சர்க்கரை பார்க்கிறார்களே, அதுபோல.

அவர் வேலை செய்யும் அழகே தனி. கட்டடத்துக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ரிமோட்டின் திரையில் வெயில் விழாமலிருக்கப் பழைய கறுப்புக் குடைத்துணியில் மனைவி தைத்துக் கொடுத்த முக்காடு. அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டால் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் தலை வெளியே வரும். ட்ரோன் சுவரிலிருந்து பத்தடி தள்ளி, கீழிருந்து மேலே ஒரு பட்டை, மேலிருந்து கீழே ஒரு பட்டை என்று நிதானமாகச் சுவரை மேயும். ஒரு செங்கல் தப்பாது. மேலிருந்து கீழே பார்க்கும்படி கேமராவைச் சாய்க்க வேண்டி வந்தால் மட்டும், தரையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே இவருக்கு உள்ளங்கால் கூசும். ஒரு கையால் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொள்வார்.

சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆகாயத்தின் மனைவிக்குக் கூடப்பிறந்த அக்கா ஒருத்தி. அக்காவின் கணவர்தான் சகலை. லாரிகளை ஏற்றி நிறுத்தி எடைபோடும் எடைமேடையில் முப்பத்தோரு வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். லாரி தெருமுனையில் கியர் மாற்றும் சத்தத்தைக் கேட்டே எத்தனை டன் என்று சொல்லிவிடுவாராம். ஒரு தடவை எடைமேடை சொன்னதற்கும் இவர் சொன்னதற்கும் நாற்பது கிலோ வித்தியாசம் வந்ததாம். போய்ப் பார்த்தால் கிளீனர் பின்னால் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தானாம். அப்படிப்பட்ட ஆள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரை உயரத்திலிருந்து பார்க்கும் கோபுரம் ஒன்றுக்குப் போனார்கள். ஆறு மாடிக் கோபுரம். பாதிப் படியில் ஆகாயத்துக்குக் கால் ஓடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சகலையும் வேறு மூன்று பேரும் சேர்ந்து அவரைத் தூக்கிக் கீழே கொண்டுவந்தார்கள். நடந்தது இவ்வளவுதான். ஆனால் குடும்பம் கூடிச் சாப்பிடும் ஒவ்வொரு விசேஷத்திலும் சகலை அந்தக் கதையைச் சொல்வார். சொல்லச் சொல்லக் கோபுரம் வளர்ந்தது. ஐந்தாவது வருஷம் ஆகாயம் எட்டாவது மாடியில் உட்கார்ந்தார். பத்தாவது வருஷம் பன்னிரண்டாவது மாடி. கடைசியாகச் சொன்னபோது பதினேழாவது மாடி. தூக்கியவர்கள் பதினோரு பேர், அதில் இரண்டு பேர் தீயணைப்புப் படை. எல்லோரும் சிரிப்பார்கள். ஆகாயம் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். அவர் பிசைந்த பிசைவுக்குச் சிமெண்ட்டே குழைத்திருக்கலாம்.

அந்தச் சகலை குடியிருக்கும் ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு நாற்பத்து மூன்று வயது ஆனது. அதன் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் வேறு அவர்தான். பரிசோதனைக்கு ஆள் கேட்டுக் கடிதம் போனதும், வந்து சேர்ந்ததும் ஆகாயத்தின் நிறுவனத்துக்கே. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று அவர் முதலாளியிடம் கெஞ்சிப் பார்த்தார். அங்கே ட்ரோன் ஓட்டத் தெரிந்தவர் அவரை விட்டால் முதலாளி ஒருவர்தான், முதலாளி ஓட்டிய ட்ரோன் அதுவரை மரத்தைத் தவிர வேறெதிலும் இறங்கியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் வேலை ஆரம்பமானது. முதல் நாளே வீட்டுக்கு வீடு சீட்டுக் கொடுத்திருந்ததால் எல்லா ஜன்னலும் அன்று குளித்துப் பவுடர் போட்டிருந்தன. மூன்றாம் மாடிப் பெரியவர் ட்ரோனுக்கு சல்யூட் அடித்தார். ஏழாம் மாடியில் ஒரு பெண்மணி திரைச்சீலையை மாற்றிவிட்டு, மாற்றியது தெரிகிறதா என்று கீழே ஆள் அனுப்பி விசாரித்தார். ஐந்தாம் மாடியில் சகலை தன் பால்கனியின் ஓரத்தில் இரும்பு நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி, பேப்பர் படிப்பதுபோல் காட்சி கொடுத்தார். சுற்றிலும் பூந்தொட்டிகள். ட்ரோன் எதிரே வந்து நின்றதும் கையை உயர்த்தி, மேலே வா என்று ஆகாயத்தைக் கூப்பிடுவதுபோல் சைகை காட்டினார். முக்காட்டுக்குள் ஆகாயம் பல்லைக் கடித்தார்.

கடித்த பல் அப்படியே நின்றுவிட்டது.

ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது பால்கனிகள். எல்லாம் சுவரிலிருந்து நாக்கை நீட்டியதுபோல் தூணில்லாமல் நீண்டு நிற்பவை. எட்டின் விளிம்பும் நேர்கோடு. ஐந்தாவது மட்டும் கோபித்துக்கொண்ட குழந்தையின் கீழுதடு மாதிரி, முன்பக்கம் இரண்டு விரற்கடை தொங்கியிருந்தது. அவர் ட்ரோனைக் கொஞ்சம் இறக்கி அடிப்பக்கம் பார்த்தார். பூச்சு பெயர்ந்து, துருவின் பழுப்புக் கறை தேநீர் சிந்தினாற்போல் வழிந்திருந்தது. பிறகு சூட்டை நிறமாகக் காட்டும் வெப்பக் கேமராவுக்கு மாற்றினார். வெயில் ஏறிய சுவர் முழுக்க மஞ்சளாய்ச் சிவப்பாய்த் தெரிய, பால்கனி சுவரோடு சேரும் இடத்தில் மட்டும் அடர்நீலமாக ஒரு கோடு. ஈரம். அங்கே எத்தனையோ வருஷமாகத் தண்ணீர் குடியிருக்கிறது.

அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த மாதிரி பால்கனியைத் தாங்குகிற கம்பிகள் தளத்தின் மேற்பக்கத்தில், சுவரை ஒட்டித்தான் ஓடும். அங்கே தண்ணீர் தேங்கினால் கம்பி உள்ளுக்குள்ளேயே கரையும். வெளியே எதுவும் தெரியாது, ஒருநாள் விழும்வரை. சகலை ஒவ்வொரு தடவையும் பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் பதித்துப் பதித்து, மூன்று அடுக்காக்கி, தண்ணீர் போகும் துளையையே மூடியிருந்தார். அந்தச் சிக்கனத்தையும் அவர் விசேஷங்களில் பெருமையாகச் சொன்னதுண்டு.

ஐந்தாவது விழுந்தால் கீழே இருக்கிற நான்கையும் கூட்டிக்கொண்டுதான் விழும். பால்கனிகளுக்கு நேர் கீழே, அவற்றின் நிழலில், செருப்புத் தைப்பவர் ஒருவர் கடை விரித்திருந்தார். எந்நேரமும் அவருக்கு முன்னால் ஒற்றைக் காலில் இரண்டு பேராவது நின்றுகொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் ஆகாயம் அவரிடம் போய், நாளையிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காரும்படி சொன்னார். பதினாறு வருஷமாக இதே இடம், தள்ளி உட்கார்ந்தால் வெயிலை உங்கள் ட்ரோன் வந்து மறைக்குமா என்று செருப்புத் தைப்பவர் கேட்டார்.

புதன்கிழமை விடாமல் மழை. வியாழக்கிழமை காலை ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார்கள். ஆகாயத்துக்குத் தட்டச்சு ஒற்றை விரல். அதனால் அவர் சொல்லச் சொல்ல, மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அடிப்பதுதான் வழக்கம். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. ரிப்போர்ட்டில் மூன்றே நிறம். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். சிவப்பு என்றால் உடனே ஆள் இறங்கி, அடியில் முட்டுக் கொடுத்து, யாரும் அண்டாமல் அடைக்க வேண்டும்.

ஆகாயம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தபடி சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்பது பச்சை, எட்டு மஞ்சள் தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அஞ்சாவது மாடி, கிழக்குப் பால்கனி. மஞ்சள்."

அடிக்கிற சத்தம் நின்றது. இருபத்தெட்டு வருஷமாக அவர் முதுகைப் பார்த்தே பேச்சைப் படிக்கத் தெரிந்தவர் அந்த அம்மாள். படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். வெப்பக் கேமராப் படத்தையும் பார்த்தார். ஐந்து வருஷமாக ரிப்போர்ட் அடித்து அடித்து அவருக்கு நீலக்கோட்டின் அர்த்தம் முதலாளியைவிட நன்றாகத் தெரியும்.

"இதே படம் வேற யார் வீடாவது இருந்தா என்ன நெறம் சொல்வீங்க?"

"ஆறு மாசம் கழிச்சுப் பாக்கத்தானே போறோம்."

"நான் அதைக் கேக்கல."

அவர் ஜன்னலைவிட்டுத் திரும்பாமலே சொன்னார். "செவப்புன்னு போட்டா உங்க மாமா என்ன சொல்வாரு? கோபுரத்துக்குப் பழி வாங்குறான்னு சொல்வாரு. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து அடிச்சுட்டான்னு ஊர் பூரா சொல்வாரு. உங்க அக்காவும் அப்படித்தான் நெனைப்பாங்க. அப்புறம் நீ அந்த வீட்டுப் படி ஏற முடியுமா?"

அம்மாள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அக்கா நெனச்சா நெனைக்கட்டும். கீழ செருப்புத் தைக்கிறாரே, அவரு எந்தக் கோபுரத்துக்கு வந்தாரு?"

தன்னைப் பழிவாங்குகிறவனென்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எவ்வளவு பெரிய பழியைத் தலையில் ஏற்றிக்கொள்ளப் பார்த்தோம் என்று ஆகாயத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நியாயமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு நிறத்தையே மாற்றப் பார்த்திருக்கிறார். சாய்ந்த கழுத்து இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

"செவப்பு" என்றார். அந்த அம்மாள் அடித்தார். அடித்த வேகத்தில் மேசை ஆடியது.

பத்து மணிக்கு ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தது. முட்டுக் கொடுக்கிற ஆட்களும் தயார். ஆனால் செயலாளர் கையெழுத்துப் போட்டு, வீட்டுக்காரர் சம்மதம் சொன்னால்தான் அவர்கள் கட்டடத்துக்குள் கால் வைக்க முடியும். செயலாளரும் சகலைதான், வீட்டுக்காரரும் சகலைதான். பதினொரு மணிக்குப் பதில் வந்தது, ஒரே வரியில். படம் பிடித்தவருக்குக் கை நடுங்கியதால் கட்டடம் கோணலாகத் தெரிகிறது.

மழை கொஞ்சம் விட்டதும் ஆகாயமும் மனைவியும் சகலை வீட்டுக்குக் கிளம்பினார்கள். லிஃப்ட்டில் ஆகாயம் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு, மனைவியின் பையின் பிடியைப் பிடித்துக்கொண்டார். அக்கா கதவைத் திறந்து, வாங்க தம்பி என்று சொன்னார். சொன்ன குரலில் உப்பில்லை. தங்கையை வா என்றுகூடச் சொல்லவில்லை. சமையலறைக்குப் போய் அவசியமில்லாமல் பாத்திரங்களை நகர்த்தினார். தங்கை பின்னாலேயே போனார். உள்ளே இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பேசுவதும், நடுவில் ஒரு மூடி தரையில் விழுந்து சுற்றுவதும் கேட்டது.

கூடத்துக்கு அப்பால் பால்கனிக் கதவு விரியத் திறந்திருந்தது. ஆகாயம் கதவிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்கார முடியுமோ அவ்வளவு தூரத்தில், எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சகலை ரிப்போர்ட்டைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். ஈ அடிக்கிற மட்டையைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது.

ஆகாயம் பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தார். தொங்கலைச் சொன்னார், துருவைச் சொன்னார், நீலக்கோட்டைச் சொன்னார். சகலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முப்பத்தோரு வருஷம் லாரி டிரைவர்களின் சாக்குகளைக் கேட்ட தலையாட்டு அது. கடைசியில் சொன்னார், "எல்லாஞ் சரி சகலை. பால்கனி விழப்போகுதுன்னு பால்கனிக்கு வராமலே சொல்றியே. டாக்டர் தெருவுல நின்னுக்கிட்டு, மாடியில இருக்கிறவனுக்குக் காய்ச்சல்னு சொன்னா எவன் நம்புவான்? வா. வந்து இங்க நின்னு, தட்டிப் பாத்துச் சொல்லு. நான் கையெழுத்துப் போடுறேன்."

"விழப்போற எடத்துல நிக்கக் கூடாதுங்கிறதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

"சரி. பக்கத்து வீட்டுப் பால்கனிக்கு நீ பச்சை போட்டிருக்க. அங்க நிப்பியா?"

ஆகாயம் முதுகை எதிர்ச்சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்.

"நிக்க மாட்ட. எந்தப் பால்கனியிலயும் நிக்க மாட்ட. ஸ்டூல்லயே நிக்க மாட்ட. அப்புறம் உன் பயத்தை வெச்சு நான் எப்படி எடை போடுறது சொல்லு. பழுதான தராசு எல்லாத்துக்கும் ஒரே எடைதான் காட்டும்."

சிக்கல் அங்கேதான் இருந்தது. வேறு எவன் இந்தக் கதவருகில் நின்று, மாட்டேன், பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாலும் சகலை ஒரு நிமிஷம் யோசித்திருப்பார். ஆகாயத்தின் பயத்துக்கு மட்டும் சந்தையில் விலை கிடையாது. ஊருக்கெல்லாம் இலவசமாக வாரி இறைத்த சரக்கு அது.

சகலை எழுந்தார். ரிப்போர்ட்டைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு பால்கனிக்குள் போனார். தொட்டிகளுக்கு நடுவே நடந்து, இரும்பு நாற்காலியை விளிம்புவரை கரகரவென்று இழுத்துப் போட்டு, தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்து, காலை நீட்டி, அங்கிருந்தபடி மனைவியைக் கூப்பிட்டு, வந்தவங்களுக்கு டீ போடு, எனக்கு இங்கே கொண்டு வா என்றார்.

ஆகாயத்தின் பார்வை அவர் மேல் இல்லை. வாசற்படிக்கு அப்பால், பால்கனியின் தரை சுவரைத் தொடும் இடத்தில் இருந்தது. இரண்டு நாள் மழைத் தண்ணீர் அங்கே ஒரு முழ அகலத்துக்குத் தேங்கிக் கிடந்தது. டைல்ஸ் இடுக்கில் சகலை எப்போதோ பூசிய வெள்ளை சிமெண்ட் கோடு ஒன்று தண்ணீருக்கடியில் தெரிந்தது. நாற்காலி விளிம்புக்குப் போய், சகலையின் எண்பத்தேழு கிலோ அதில் இறங்கியதும், அந்த வெள்ளைக் கோடு கறுப்புக் கோடாயிற்று. தேங்கியிருந்த தண்ணீர் ஒரு கணம் சுழித்தது. பிறகு யாரோ அடியில் வாய் வைத்து உறிஞ்சினாற்போல் அந்தக் கோட்டுக்குள் இறங்கிப் போனது. ஒரு சொட்டு மிச்சமில்லை. ஈரத் தரை மட்டும் கிடந்தது.

டீத் தம்ளரோடு வந்த அக்கா வாசற்படியில் கால் வைக்கப் போனார்.

"நீங்க போகாதீங்க" என்றார் ஆகாயம்.

சொல்லிவிட்டு அவர் போனார்.

கூடத்தில் பத்து எட்டு. வாசற்படி. அப்புறம் பால்கனியில் மூன்று எட்டு. பிற்பாடு அக்கா சொன்னதை நம்புவதானால், அவர் நடந்தது கண்ணாடிக் கடைக்குள் பூனை நடக்கிற நடை. ஒரு தொட்டி இலை அசையவில்லை. முகம் சுண்ணாம்பு. நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது. இடது பக்கம் ஐந்து மாடிப் பள்ளம் வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதன் அடியில் ஒரு குடை, குடைக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் ஒரு மனிதர். ஆகாயம் அதையும் பார்த்தார். கண்ணை மூடவே இல்லை.

குனிந்து சகலையின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அண்ணே" என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் சொன்னதில்லை, சகலை என்பதைத் தாண்டியதில்லை. "எந்திரிங்க. மெதுவா. எங்கூட வாங்க."

சகலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். சொல்ல வாயில் ஒரு கிண்டல் தயாராக இருந்தது, அது உதட்டோடு நின்றுபோயிற்று. இருபத்திரண்டு வருஷமாக அவர் சபைதோறும் நடித்துக் காட்டிய முகம் இது. இறுக மூடிய கண், கோணிய வாய், நடுங்கும் தாடை. வாய் கோணித்தான் இருந்தது. தாடையும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. கண்கள் மட்டும் திறந்திருந்தன. இந்தப் பயத்தோடு ஒருவன் இங்கே நடந்து வந்திருக்கிறான் என்றால், அவன் அங்கே உட்கார்ந்து பார்த்தது இந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். எடைபோட்டே பிழைத்த மனிதருக்கு அந்தக் கணக்கு உடனே பிடிபட்டது. எழுந்தார். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, மூன்று எட்டில் உள்ளே வந்தார்கள். அக்கா கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, போதாதென்று சாப்பாட்டு மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.

ஆகாயம் அதற்கப்புறம்தான் கூடத்துத் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. துணி விழுவதுபோல் விழுந்தார். மனைவி டீயை அவர் வாயில் வைத்துக் குடிக்கச் செய்தார்.

சகலை எதிரே சோபாவில் உட்கார்ந்து, மூடிய கதவின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அவர் விரல்கள் தொடையில் தட்ட ஆரம்பித்தன. பழைய உத்தியோகப் பழக்கம்.

"தொட்டி நாப்பத்து மூணு. ஈர மண்ணோட ஒண்ணு பதினாலு கிலோ. அறுநூத்தி ரெண்டு. தண்ணி டிரம் எரநூறு. அந்தக் கல் பெஞ்சு நூத்தித் தொண்ணூறு. டைல்ஸு..." இங்கே குரல் கொஞ்சம் இறங்கியது. "மேல மேல பதிச்சது ரெண்டு அடுக்கு, சிமெண்ட்டோட சேத்து தொள்ளாயிரத்து அறுவது வரும். நான் எம்பத்தேழு."

தெருவில் ஏதோ லாரி கியர் மாற்றியது. அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"ரெண்டு டன் முப்பத்தொம்பது கிலோ. ஒருத்தன் இவ்வளவையும் ஒரு ஓட்டை வண்டியில ஏத்திட்டு வந்திருந்தா நான் கேட்டைத் தெறந்திருக்க மாட்டேன்."

சட்டைப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்து, முழங்காலில் வைத்து நீவி நிமிர்த்திக் கையெழுத்துப் போட்டார். இரண்டு இடத்தில், செயலாளராக ஒன்று, வீட்டுக்காரராக ஒன்று. போட்டுவிட்டு முதல் வேலையாகச் செருப்பு மாட்டிக்கொண்டு கீழே போனார். செருப்புத் தைப்பவரின் பெட்டியைத் தானே தூக்கி எதிர்ச்சாரியில் வைத்துவிட்டு, அவர் மறுபடி பழைய இடத்துக்கு வந்துவிடாமல் முட்டுக் கொடுக்கிற ஆட்கள் வரும்வரை மழையில் நின்று காவல் காத்தார்.

அடுத்த பத்து நாளும் கீழ் மாடிகளில் வரிசையாக இரும்பு முட்டுகள் நின்றன. தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி, வீட்டுக்குள்ளிருந்தே இழுத்து எடுத்தார்கள். பிறகு பால்கனியைத் துண்டு துண்டாக அறுத்து இறக்கினார்கள். சுவரோரம் உடைத்தபோது, பதினெட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் கம்பியாக இருந்தது. மீதி, விரலால் தொட்டால் மிளகாய்த்தூள் மாதிரி உதிர்ந்தது. சகலை அதில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து ஆகாயத்திடம் காட்டினார். காட்டிவிட்டு, இதில் எடை பார்க்க ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னார். நன்றி என்ற வார்த்தை அவர் நாக்குக்குப் பழக்கமில்லை, அன்றும் பழகவில்லை. கதவு இருந்த இடத்தில் இடுப்புயரச் சுவரெழுப்பி ஜன்னல் வைத்தார்கள். இரும்பு நாற்காலி ஜன்னலுக்கு உள்பக்கம் வந்தது. கீழே செருப்புத் தைப்பவர் பழைய இடத்துக்கே திரும்பி, பத்து நாள் வியாபாரம் போச்சே என்று வருகிறவர்களிடமெல்லாம் ஆகாயத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து அக்கா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. மருமக்கள், பிள்ளைகள், சம்பந்தி வீட்டார் என்று பதினெட்டுப் பேர். மீன் வறுவல் வாசனைக்கு எட்டாம் மாடிக்காரர்கள்கூட ஏதோ சாக்கு வைத்துக் கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். புதிதாகப் பெண் கொடுத்த சம்பந்தி ஒருவர் அன்றுதான் முதல்முறை அந்த வீட்டுக்கு வந்திருந்தார். ஸ்டூல் கதையை யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆகாயத்தைப் பார்த்து, உயரமென்றால் உங்களுக்கு ஆகாதாமே என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டார்.

எல்லோரும் சகலையைப் பார்த்தார்கள். பாட்டுக்காரருக்கு யாரோ சுருதி கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆகாயம் தட்டைப் பார்த்தார், சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். அவர் மனைவி கையிலிருந்த கரண்டி குழம்புக்கு மேலே நின்றது.

சகலை மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார்.

"ஆமாங்க. ஒரு தடவை எல்லாருமா ஒரு கோபுரத்துக்குப் போயிருந்தோம். இவருக்குக் கால் ஓடல, உக்காந்துட்டாரு. நாங்க நாலு பேரு கைத்தாங்கலா எறக்கிக் கொண்டுவந்தோம்."

சம்பந்தி ஆர்வமாக, எத்தனாவது மாடி என்றார்.

இருபதாவது மாடி என்று பந்தயம் கட்ட ஒரு பேரன் தயாராக இருந்தான்.

"மூணாவது மாடி" என்றார் சகலை.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அதில் ஒன்றுமில்லை. மூன்றாவது மாடியில் கால் ஓடாமல் உட்கார்ந்த ஒரு மனிதர், அவ்வளவுதான். ஆகாயத்தின் விரல்கள் பிசைவதை நிறுத்தின. அவர் தலையை நிமிர்த்திச் சகலையைப் பார்த்தார்.

"மூணு இல்ல, அண்ணே. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. படியில."

சகலை யோசித்தார். அந்தப் படிக்கட்டை மனசுக்குள் ஏறிப் பார்ப்பதுபோல் சற்று நேரம் கண்ணைச் சுருக்கினார்.

"ஆமா" என்றார். "அப்படியே எழுதிக்க."

பிறகு தன் தட்டுக்கு வந்த பெரிய மீன் துண்டை, தலைப்பக்கமாக, ஆகாயத்தின் தட்டில் வைத்தார்.